பிரீசிங்க்ட் கூட்டங்களால் யாருக்குப் பயன்? காவல்துறையின் மக்கள் தொடர்பு குறித்த ஒரு விவாதம்

தெருமுனை எழுதியது:

நியூயார்க் நகரில் ஒவ்வொரு பிரீசிங்க்டிலும், அதாவது ஒவ்வொரு காவல் நிலையச் சரகத்திலும், பொதுமக்கள் மன்றம் ஒன்று இயங்குகிறது. பெரும்பாலும் கோடை மாதங்கள் நீங்கலாக மாதம் ஒருமுறை கூடும் இம்மன்றத்திற்கு நிலையத்தின் தலைமை அதிகாரியே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பது எழுத்தளவில் மிக நல்ல ஏற்பாடு. குயின்ஸில் எங்கள் சரகத்தின் கூட்டங்களுக்குச் சில காலமாகப் போய் வருகிறேன். அங்கே நான் காண்பதை எழுதி, மற்ற ஊர்களில் உள்ளவர்களின் கருத்தைக் கேட்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கூட்டம் எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் அந்த மாதத்தின் சிறந்த காவலருக்குச் சான்றிதழ் வழங்கப்படும், எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வோம். அடுத்து தலைமை அதிகாரி காம்ப்ஸ்டாட் எனப்படும் குற்றக் கணக்குத் தாளை எடுத்து, கடந்த ஒரு வாரம், கடந்த 28 நாட்கள், ஆண்டின் தொடக்கத்திலிருந்து இதுவரை என்று மூன்று பத்திகளில் உள்ள எண்களை வாசிப்பார். கார் திருட்டு கூடியிருக்கிறது, வீடு புகுந்து திருடுவது குறைந்திருக்கிறது என்பது போன்ற செய்திகள் அவை. பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். எங்கள் கூட்டத்திற்கு வரும் ஒரு மூதாட்டி, பேருந்து நிறுத்தத்தை மறித்தபடி சரக்கு லாரிகள் இரட்டை வரிசையில் நிற்பதையும், சக்கர நாற்காலியில் வரும் தம் கணவரால் நடைபாதை விளிம்பிலிருந்து பேருந்தில் ஏற முடியாததையும் ஒவ்வொரு முறையும் சொல்வார். அதிகாரி ஒருவர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்வார். அடுத்த மாதமும் அதே அம்மையார் அதையே சொல்ல, வேறோர் அதிகாரி வேறொரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

சென்ற மாதம் வந்த புகார்கள் என்ன ஆயின என்று சொல்வதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை. என் ஐயம் இதுதான்: பதில் திரும்பி வராத ஒரு கூட்டத்தை மக்கள் தொடர்பு என்று அழைக்கலாமா? அப்படி அழைத்தால், அதனால் பயன் பெறுபவர் யார்?

நூலகவாசி எழுதியது:

நண்பர் தெருமுனை கேட்டதற்கு ஆய்வுலகில் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. சற்று நீளமாகவே எழுத நேர்கிறது, பொறுத்தருள வேண்டும்.

1970களின் இறுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. சில ரோந்துப் பகுதிகளில் நடை ரோந்து தொடர்ந்தது, சிலவற்றில் நிறுத்தப்பட்டது, சிலவற்றில் புதிதாகத் தொடங்கப்பட்டது. 1981இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. நடை ரோந்தினால் குற்றங்கள் குறையவில்லை. ஆனால் அந்தப் பகுதி மக்கள் காவலர்கள் நடந்து வருவதைக் கவனித்திருந்தார்கள், அவர்களுடைய அச்சம் குறைந்திருந்தது, காவல்துறை மீதான மதிப்பும் உயர்ந்திருந்தது. மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் 1979இல் தொடங்கிய நடை ரோந்து மக்களுக்கு மிகவும் பிடித்துப்போக, அது தொடர வேண்டும் என்பதற்காக 1982இல் கூடுதல் வரிக்கே வாக்களித்தார்கள்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நகரம் சிகாகோ. அங்கே பிரீசிங்க்ட் என்ற பெயர் காவல்துறையில் இல்லை, டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். அதற்குள் பீட் என்னும் சிறு பகுதிகள் உண்டு. 1993இல் ஐந்து டிஸ்ட்ரிக்டுகளில் தொடங்கிய கேப்ஸ் என்னும் மக்கள் பங்கேற்புக் காவல் திட்டம் பின்னர் நகரம் முழுவதற்கும் விரிந்தது. ஒவ்வொரு பீட்டிலும் குடியிருப்பவர்களும் அங்கு ரோந்து செல்லும் காவலர்களும் கூடிப் பேசினார்கள். இத்திட்டத்தில் எனக்கு முதன்மையாகத் தோன்றும் கூறு கூட்டம் அன்று. நகர நிர்வாகத்தின் மற்றத் துறைகளைக் காவல்துறையோடு பிணைத்த ஏற்பாடுதான். எரியாத தெருவிளக்கு, கைவிடப்பட்ட கட்டடம், சுவர்க் கிறுக்கல், யாரும் உரிமை கோராத கார் ஆகியவற்றைப் பற்றிப் பீட் காவலர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், உரிய துறை அதற்கு முன்னுரிமை தந்தாக வேண்டியிருந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஸ்கோகன் பல ஆண்டுகள் இத்திட்டத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மக்கள் புகாராகச் சொன்னவற்றில் பெரும்பகுதி, சட்டப் புத்தகம் குற்றம் என்று கருதாத இத்தகைய சீர்கேடுகளே.

2014இல் சார்லட் கில்லும் உடன் ஆய்வாளர்களும் மக்கள் பங்கேற்புக் காவல் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே சித்திரம்தான் கிடைத்தது: மக்களின் மனநிறைவும் காவல்துறையின் மீதான நல்லெண்ணமும் கூடுகின்றன, குற்ற எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. ஆனால் 2021இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு இந்த நல்லெண்ணத்தையும் கேள்விக்குள்ளாக்கியது. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் இதே வகைத் திட்டங்களை வைத்து ஒரே நேரத்தில் நடந்த அந்தச் சோதனையில், மக்களின் நம்பிக்கையும் உயரவில்லை, குற்றமும் குறையவில்லை. அதற்கு ஆய்வாளர்கள் காட்டிய காரணங்களை நண்பர் தெருமுனை கவனிக்க வேண்டும். மேலதிகாரிகள் திட்டத்திற்கு முன்னுரிமை தரவில்லை. அதிகாரிகள் அடிக்கடி இடம் மாற்றப்பட்டார்கள். மக்கள் சொன்ன பிரச்சினைகளுக்கு நடவடிக்கை எடுக்கப் போதிய வசதி இல்லை. அந்த மூதாட்டியின் புகார் இரண்டு குறிப்பேடுகளில் ஏறியும் எங்கும் போகாமல் நிற்பதற்கும் இவையே காரணமாக இருக்கக்கூடும்.

இரவுப்பணி எழுதியது:

எல்லாம் சரி. அந்தக் கூட்டம் மாலை ஏழு மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன், என் கட்டடத்தில் பாதிப் பேரும் அப்படித்தான். வாடகைக்குக் குடியிருப்பவர்களும், இரவு வேலை பார்ப்பவர்களும், சிறு குழந்தைகளை வைத்திருப்பவர்களும் அங்கே போவதில்லை. சொந்த வீடு உள்ளவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் போகிறார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "மக்கள் கேட்டார்கள்" என்று சொல்லி எங்கள் கட்டடத்தின் முன்னால் நிற்கும் பையன்களைக் காவலர்கள் விரட்டும்போது, கேட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பையன்களின் தாய்மார்களை யாரும் கேட்கவில்லை.

சிகாகோவிலும் இதுதான் நடந்ததா என்பதை நூலகவாசி ஐயா சொல்ல முடியுமா?

நூலகவாசி எழுதியது:

நடந்தது, நண்பரே, ஆனால் எதிர்பார்த்தது போல முழுவதுமாக அன்று. குற்றம் மிகுந்த கறுப்பின மக்களின் பகுதிகளில் வருகை நன்றாகவே இருந்தது. தேவை இருந்த இடத்தில் மக்கள் வந்தார்கள் என்பது திட்டத்தின் பெரிய வெற்றி. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் வருகை தொடர்ந்து பின்தங்கியது. மொழியும், குடியுரிமை நிலை குறித்த அச்சமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரே பீட்டுக்குள்ளும் வீட்டு உரிமையாளர்களும் வயதில் மூத்தவர்களும்தான் அதிகம் வந்தார்கள்.

அயலகத்தான் எழுதியது:

குடியுரிமை பற்றிய அச்சம் என்று நூலகவாசி ஒரே வரியில் கடந்துவிட்டார். புலம்பெயர்ந்த சமூகங்களைப் பொறுத்தவரை, இந்த முழு விவாதமும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நியூயார்க் காவல்துறை 2008இல் இளைஞர்களுக்காக ஒரு கிரிக்கெட் லீக்கைத் தொடங்கியது. தெற்காசியாவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்களின் பையன்கள் அதில் ஆடினார்கள். கூடைப்பந்தையும் பேஸ்பாலையும் மட்டுமே அறிந்த ஒரு துறை, நம் பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள் என்று கவனித்துத் திடலுக்கு வந்ததே என்று பெற்றோர்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். அதே ஆண்டுகளில், அதே காவல்துறையின் உளவுப் பிரிவுக்குள் டெமோகிராஃபிக்ஸ் யூனிட் என்று ஒரு பிரிவு இயங்கிக்கொண்டிருந்தது. முஸ்லிம்கள் கூடும் தேநீர்க் கடைகள், உணவகங்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றுக்குச் சாதாரண உடையில் ஆட்களை அனுப்பி, யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதி வைத்தது அது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பிரிவு திரட்டிய தகவல்களிலிருந்து பயங்கரவாத விசாரணை எதற்கும் துப்புக் கிடைத்ததில்லை என்று 2012இல் உளவுப் பிரிவின் மூத்த அதிகாரியே சாட்சியம் அளித்தார். 2014இல் அது கலைக்கப்பட்டது.

ஒரு கையால் மட்டையைக் கொடுத்துவிட்டு மறு கையால் பெயரை எழுதிக்கொண்டார்கள் என்று பிறகு எங்கள் பக்கத்தில் பேச்சு எழுந்தது. கிரிக்கெட் ஏற்பாடு செய்த அதிகாரிகளுக்கு அந்தப் பிரிவு இருந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம். அது அவர்களுடைய குற்றமும் அன்று. ஆனால் மக்கள் தொடர்புக்கு வரும் அதிகாரி தன் துறையின் மற்ற அறைகளில் நடப்பதற்கும் சேர்த்தே முகம் காட்ட வேண்டியிருக்கிறது. திடலில் பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே செய்தித் தொடரில் கரைந்து போனதை நேரில் கண்டவன் நான்.

இதற்கு மாறாக, கொண்டாட்டம் எதுவும் இல்லாமல் பயன் தரும் தொடர்பு ஒன்றையும் சொல்கிறேன். குற்றத்திற்கு ஆளான குடியேறிகள் விசாரணைக்கு ஒத்துழைத்தால் யூ விசா கோரலாம் என்று 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்கே அது கிடைக்கும் என்பதால் காத்திருப்பு நீளமானது. ஆனால் விண்ணப்பிப்பதற்கே, அவர் ஒத்துழைத்தார் என்று காவல்துறை போன்ற ஓர் அமைப்பு சான்று அளிக்க வேண்டும். கணவனால் தாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்த வழி இருப்பதை எடுத்துச் சொல்லி, சான்றுக்கு எங்கே எழுத வேண்டும் என்பதையும் தெரிவிக்கும் ஒரு காவலர், பத்து விழாக்களால் ஆகாததைச் செய்கிறார். அதேபோல, நகர ஊழியர்கள் தேவையின்றி ஒருவரது குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டின் 41ஆம் எண் ஆணையை எங்கள் மொழியில் அச்சிட்டு, நிலைய வாசலில் ஒட்டி வைத்தாலே போதும்.

மன்றத்தொண்டர் எழுதியது:

நான் வேறொரு சரகத்தில் பொதுமக்கள் மன்றத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவன். எனவே என் சார்பை முன்கூட்டியே அறிந்துகொண்டு படியுங்கள்.

தெருமுனை சொன்ன கூட்டத்தை நானும் அறிவேன். சான்றிதழும் புகைப்படமும் எங்களிடமும் உண்டு. ஆனால் கூட்டத்தை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயம் ஆகாது. 2015 மே மாதத்தில் வடக்கு மன்ஹாட்டனின் 33, 34ஆம் பிரீசிங்க்டுகளிலும் ராக்கவேயின் 100, 101ஆம் பிரீசிங்க்டுகளிலும் அக்கம்பக்கக் காவல் திட்டம் தொடங்கி, 2018க்குள் ரோந்துச் சரகங்கள் அனைத்திற்கும் வந்துவிட்டது. சரகத்தை நான்கைந்து செக்டர்களாகப் பிரித்து, ஒவ்வொரு செக்டருக்கும் ஒருங்கிணைப்பு அதிகாரிகள் இருவரை அமர்த்தினார்கள். ரோந்துக் காவலர்களுக்கும் பணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வானொலி அழைப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்ட நேரமாக இருக்க வேண்டும் என்பது திட்டம். அழைப்புக்கு ஓடி, அறிக்கை எழுதி, அடுத்த அழைப்புக்கு ஓடும் காவலரால் யாருடைய பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஒதுக்கப்பட்ட நேரமே திட்டத்தின் உயிர். ஆள் பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

எங்களுக்கும் இரட்டை வரிசை லாரிப் பிரச்சினை இருந்தது. அபராதச் சீட்டுகளை எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. லாரி நிறுவனங்கள் அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு மறுநாளும் வந்தன. எங்கள் செக்டர் அதிகாரி ஒருவர் காலையில் கடை கடையாகச் சென்று, சரக்கு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதினார். பெரும்பாலான சரக்கு காலை பத்து மணிக்குள் வந்துவிடுகிறது என்பதும், அந்த நேரத்தில் ஓரத்து இடம் முழுவதும் இரவில் நிறுத்திய கார்களால் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரிந்தன. அந்தத் தாளோடு நாங்கள் போக்குவரத்துத் துறைக்கு எழுதினோம். காலை நேரத்தில் சரக்கு இறக்குவதற்கென்று ஓரத்தில் இடம் ஒதுக்கிப் பலகை வைத்தார்கள். கடைக்காரர்களுக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின. பேருந்து நிறுத்தம் விடுபட்டது. அந்த அதிகாரி பின்னர் பதவி உயர்வு பெற்று வேறு இடத்திற்குப் போய்விட்டார். அவருடைய கைபேசியில் இருந்த எண்கள் அனைத்தும் அவரோடு போயின.

விழாக்களைப் பற்றி நண்பர்கள் சற்றுக் கடுமையாகப் பேசுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காவலர்களும் மக்களும் கூடும் நேஷனல் நைட் அவுட் விழா 1984 முதல் நடந்து வருகிறது. இந்நகரில் காவல்துறைத் தடகளக் கழகத்தின் வரலாறு 1914 வரை பின்னோக்கிப் போகிறது, தெருக்களை அடைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாக்கிய காலம் அது. நியூ ஹேவனில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், காவலர் ஒருவர் கைது, விசாரணை எதுவுமின்றி வீட்டுக்கு வந்து ஒருமுறை பேசிவிட்டுப் போனதே மக்களின் எண்ணத்தை உயர்த்தியிருக்கிறது.

நூலகவாசி எழுதியது:

அந்த ஆய்வைச் சரியாகவே குறிப்பிட்டீர்கள், ஐயா. ஆனால் அதில் 21 நாட்கள் வரைதான் விளைவு அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விழாவினால் கதவு திறக்கும், உண்மைதான். அதன் பிறகு உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்பதை 21 நாள் கணக்கு சொல்லாது.

உங்கள் லாரிக் கதை, காவல்துறை ஆய்வாளர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979இல் எழுதிய கருத்துக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு அழைப்பையும் தனி நிகழ்வாகப் பார்க்காமல், ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் அழைப்புகளுக்குப் பின்னால் உள்ள பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்றார் அவர். 1987இல் நியூபோர்ட் நியூஸ் நகர அனுபவத்திலிருந்து எக், ஸ்பெல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதை நான்கு படிகளாக வகுத்தார்கள்: கண்டறிதல், ஆராய்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல். முதல் மூன்றையும் உங்கள் அதிகாரி அழகாகச் செய்திருக்கிறார். நான்காவது பெரும்பாலும் எங்கும் நடப்பதில்லை, உங்கள் கதையிலும் காவல்துறையின் பதிவேட்டில் அது இல்லை என்றே ஊகிக்கிறேன்.

ஒருவரின் நல்ல மனத்தை நம்பியிராத ஏற்பாடு என்றால், ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியைப் பார்க்கலாம். 2001 ஏப்ரலில் 19 வயதான, ஆயுதம் ஏந்தாத கறுப்பின இளைஞர் திமோதி தாமஸ் காவலரால் சுட்டுக் கொல்லப்பட, நகரம் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு நகர நிர்வாகம், காவலர் சங்கம், மனித உரிமை வழக்காடிகள், கறுப்பின மக்களின் அமைப்பு ஆகியோர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பில் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மக்களோடு சேர்ந்து பிரச்சினைகளைத் தீர்ப்பதே காவல்துறையின் முதன்மை வழிமுறை என்று அதில் எழுதப்பட்டது. புகார்களை விசாரிக்கக் குடிமக்கள் அமைப்பு ஒன்று உருவாயிற்று. ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிலிருந்து மதிப்பீடு செய்தது. காவலர் சங்கமும் அதில் கையெழுத்திட்ட தரப்பு என்பதுதான் மற்ற ஊர்களில் காணக் கிடைக்காத செய்தி. கசப்பு ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. முதல் சில ஆண்டுகள் சண்டையிலேயே கழிந்தன. ஆயினும் அதிகாரி மாறினாலும் ஒப்பந்தம் மாறவில்லை.

அயலகத்தான் எழுதியது:

பாஸ்டனையும் இங்கே சேர்க்கலாம். 1992இல் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கின் நடுவே வன்முறை வெடித்த பிறகு, கறுப்பினப் போதகர்கள் டென் பாயிண்ட் கூட்டமைப்பை உருவாக்கி இரவில் தெருவில் இறங்கினார்கள். 1996இல் காவல்துறை துப்பாக்கி வன்முறைக்கு எதிராக ஆபரேஷன் சீஸ்ஃபயர் தொடங்கியபோது இவர்களும் துணை நின்றார்கள். காவல்துறை எல்லை மீறியபோது வெளிப்படையாகக் கண்டிக்கவும் அவர்கள் தயங்கவில்லை; அதனால்தான் அவர்கள் காவல்துறையைப் பாராட்டியபோது தெருவில் அதற்கு மதிப்பு இருந்தது. எங்கள் வழிபாட்டுத் தலங்களின் நிர்வாகிகள் தலைமை அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. கூட்டத்திற்கு வர இயலாதவர்களுக்குச் செயலிகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். ரிங் நிறுவனத்தின் நெய்பர்ஸ் செயலி மூலம் காவல்துறைகள் வீட்டு வாசல் கேமராக் காட்சிகளைக் கேட்டு வாங்கின; கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 ஜனவரியில் அந்த வசதியை நிறுவனம் நிறுத்துவதாக அறிவித்தது. வாசலில் கேமரா வைத்திருப்பவர்கள் யார், அதில் பதிவாகிறவர்கள் யார் என்று பார்த்தால், என் முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிடுவோம். மாதக் கூட்டத்தை மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது காலையில், எங்களைப் போன்றவர்களின் கட்டடத்துக் கூடத்திலேயே நடத்தினால் நான் வருவேன்.

தெருமுனை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மன்றத்தொண்டர் ஐயா, உங்களிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சென்ற கூட்டத்தின் புகார்களை ஒரே தாளில் தர வேண்டும் என்று நான் கேட்க விரும்புகிறேன். எந்த இடம், என்ன புகார், யார் பொறுப்பு, எந்தத் துறைக்கு எழுதப்பட்டது, என்ன நடந்தது என ஐந்து பத்திகள் போதும். புகார் சொன்னவரின் பெயர் அதில் வேண்டாம். அயலகத்தான் சொன்ன அச்சத்திற்கு அதுவே ஒரு சிறு காப்பு. செக்டர் அதிகாரி மாறினால் அந்தத் தாள் அடுத்தவரின் கைக்குப் போகும். இதைத் தலைமை அதிகாரியிடம் கேட்பதா, மன்றத் தலைவரிடம் கேட்பதா?

மன்றத்தொண்டர் எழுதியது:

மன்றத் தலைவரிடம் கேளுங்கள். நிகழ்ச்சி நிரல் மன்றத்தினுடையது, காவல்துறையினுடையது அன்று. தலைவரும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் குடிமகனே. கூட்டத்தில் எழுந்து கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே கோடை முடிந்து செப்டம்பரில் மன்றம் கூடுவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். முதல் தாளைக் காவல்துறை நிரப்பும் என்று காத்திருக்க வேண்டாம்; சென்ற கூட்டத்தில் கேட்டவற்றை நீங்களே முதல் இரண்டு பத்திகளில் எழுதி, மற்ற மூன்றையும் வெறுமையாக விட்டுக் கொடுங்கள். அந்த அம்மையாரின் பேருந்து நிறுத்தத்தை முதல் வரியில் எழுதுங்கள். எங்கள் செக்டர் அதிகாரி அன்று தயாரித்த சரக்கு நேரத் தாளின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. தனிமடலில் முகவரி தந்தால் அனுப்பி வைக்கிறேன்.